விம் எடிட்டரில் புள்ளி ஏன் தப்பாக அழிக்கிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கணினியில் உரையும் நிரலும் எழுத உதவும் விம் எடிட்டரில் புள்ளி (.) விசையைத் தட்டினால், கடைசியாகச் செய்த மாற்றம் இன்னொரு முறை நடக்கும். ஒரு வரியை அழித்துவிட்டுக் கீழே எங்கேயாவது போய்ப் புள்ளி தட்டினால் அந்த வரியும் போய்விடும். வேலை இவ்வளவுதான். ஆனாலும் விம் பழகுகிறவர்கள் அதிகம் திணறுவது இந்த விசையிடம்தான். சில சமயம் அது எதுவுமே செய்யாது. சில சமயம் செய்யக் கூடாததைச் செய்துவைக்கும்.

இந்தக் கோளாறுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இரண்டு காரணங்களைத்தான் பார்க்கிறேன். விம் பல விஷயங்களைத் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது: கடைசி மாற்றம், கடைசித் தேடல், கடைசி எழுத்துத் தாவல், கடைசிக் கோலன் கட்டளை, கடைசி மேக்ரோ (பதிந்துவைத்த விசைவரிசை). ஒவ்வொன்றையும் திரும்பச் செய்ய வேறு வேறு விசை உண்டு. நாம் ஒன்றுக்கு உரியதை இன்னொன்றுக்குத் தட்டிவிடுகிறோம். இரண்டாவது காரணம், அழிக்கும்போதே அதைத் திரும்பச் செய்யத் தோதான ஒரே மாற்றமாக அழிக்காமல் விடுவது. கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

தட்டும் விசை கட்டளையாக இயங்கும் நிலை நார்மல் மோட், எழுத்தாகப் பதியும் நிலை இன்சர்ட் மோட், உரையைத் தேர்ந்தெடுக்கும் நிலை விஷுவல் மோட். விசைகளை அவற்றின் பெயராலேயே எழுதியிருக்கிறேன். ‘பெரிய டி’ என்றால் ஷிஃப்ட்டோடு சேர்த்து. மேற்கோளுக்குள் உள்ள இடைவெளி, விசைகளைப் பிரித்துக் காட்டுவதற்கு மட்டுமே. கோலனில் தொடங்கும் கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்டி என்டர் கொடுக்க வேண்டும்.

அழியக் கூடாதது அழிந்துவிட்டது

வேறு எந்த விசையையும் தொடாமல் முதலில் எஸ்கேப், பிறகு ‘யு’. ஒரு ‘யு’வுக்கு ஒரு மாற்றம் பின்னால் போகும். அதிகம் போய்விட்டால் கன்ட்ரோல்-ஆர் முன்னால் கொண்டுவரும். எத்தனை முறை தட்ட வேண்டும் என்று தெரியாத அளவுக்குக் குழம்பியிருந்தால், ‘:ஏர்லியர் 5எம்’ கோப்பை 5 நிமிடத்துக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுபோகும். கடைசியாகச் சேமித்த நிலையே போதும் என்றால் ‘:எடிட்!’.

‘பெரிய யு’ வேறு விசை. கடைசியாக மாற்றிய ஒரு வரியில் நடந்த எல்லா மாற்றங்களையும் மொத்தமாகத் திருப்பிவிடும். கேப்ஸ் லாக் போட்ட நிலையில் யாராவது ‘யு’ தட்டினால் நடப்பது இதுதான். பதற்றத்தில் இருக்கும்போது அது இன்னும் குழப்பும்.

‘யு’ இரண்டாம் முறை தட்டியதும் அழிந்தது மீண்டும் அழிந்துவிடுகிறதா? நீங்கள் இருப்பது பழைய வி எடிட்டரில், அல்லது அதைப் போல நடந்துகொள்ளும் நிலையில் உள்ள விம்மில். பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் எழுதிய வி-யில் ஒரே ஒரு படிதான் பின்னால் போக முடியும். அடுத்த ‘யு’ அந்தத் திருப்பலையே திருப்பும். பிராம் மூலெனார் 1991-இல் வெளியிடத் தொடங்கிய விம்தான் பல படிகள் பின்னால் போகும் வசதியை நம் கைக்குப் பழக்கியது. உபுண்டு, டெபியன் கணினிகளில் ‘வி’ என்று கொடுத்தால் பெரும்பாலும் திறப்பது விம்-டைனி என்ற சிறிய வடிவம். முழு விம் பொதியை நிறுவிக்கொள்வதுதான் நிலையான தீர்வு.

புள்ளி தட்டினால் எப்போதோ செய்த பழைய மாற்றம் நடக்கிறது

கடைசியாக நீங்கள் செய்தது, புள்ளியின் கணக்கில் வராத ஒன்று. கர்சரை நகர்த்துவது, தேடுவது, ‘ஒய் ஒய்’ என்று நகலெடுப்பது, கோலன் கட்டளை கொடுப்பது எதையும் புள்ளி பார்ப்பதில்லை. இவற்றுக்கு முன்னால் நடந்த மாற்றத்தை எடுத்து அது நடத்திவிடும்.

ஒரு சொல்லை வேறொன்றாக மாற்றும் ‘:எஸ்’ போன்ற கோலன் கட்டளையைத் திரும்பச் செய்ய வேண்டுமானால் ‘@ :’. ஒருமுறை அதைக் கொடுத்த பிறகு ‘@ @’ போதும். தேடலுக்கு ‘என்’, எதிர்த்திசையில் ‘பெரிய என்’. ஒரு வரிக்குள் ‘எஃப்’ தட்டி ஒரு எழுத்துக்குத் தாவியிருந்தால் அதைத் தொடர அரைப்புள்ளி, திரும்பி வரக் காற்புள்ளி.

இரண்டு நினைவுகளும் தனித்தனி என்பதைக் கையாலேயே உணர இந்த வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு

வரித் தொடக்கத்தில் நின்று ‘எஃப் ,’ தட்டினால் கர்சர் முதல் காற்புள்ளியில் நிற்கும். ‘எக்ஸ்’ அதை அழிக்கும். இனி அரைப்புள்ளி, புள்ளி, அரைப்புள்ளி, புள்ளி. அரைப்புள்ளி தாவுகிறது, புள்ளி அழிக்கிறது. தாவல் நினைவைப் புள்ளி கலைப்பதில்லை, மாற்ற நினைவை அரைப்புள்ளி கலைப்பதில்லை. ஒரு விரல் நகர, ஒரு விரல் மாற்ற என்ற இந்தத் தாளம் கைக்கு வந்துவிட்டால் விம்மில் பாதி வேலை தானாக ஓடும். அதனால்தான் புதிதாகக் கற்பவருக்கு மேக்ரோவைக் காட்டுவதற்கு முன்னால் நான் இதைக் காட்டச் சொல்வேன்.

மாற்றீட்டைத் திரும்பச் செய்தால் வரிக்கு ஒன்றுதான் மாறுகிறது

வரியில் பொருந்தும் எல்லா இடங்களையும் மாற்ற ‘:எஸ்’ கட்டளையின் கடைசியில் ‘ஜி’ சேர்த்திருப்பீர்கள். நார்மல் மோடில் ‘&’ தட்டினால் அதே மாற்றீடு நடக்கும், ஆனால் அந்த ‘ஜி’ ஒட்டிக்கொண்டு வராது. ‘ஜி’யும் சேர்ந்து வர வேண்டுமானால் ‘:&&’.

கோப்பு முழுவதற்கும் ‘ஜி &’ இருக்கிறது. அதைத் தட்டும் முன் கவனம் வேண்டும். மாற்றீட்டுக்குப் பிறகு நீங்கள் இடையில் வேறு எதையாவது தேடியிருந்தால், அந்தப் புதிய தேடல் சொல்லைத்தான் அது எடுத்துக்கொள்ளும். ‘பழைய’ என்பதைப் ‘புதிய’ என்று மாற்றிவிட்டு, நடுவில் ‘விலை’ என்று தேடிப் பார்த்துவிட்டு ‘ஜி &’ கொடுத்தால், கோப்பில் உள்ள ‘விலை’ எல்லாம் ‘புதிய’ ஆகிவிடும். நடந்துவிட்டால் ஒரு ‘யு’ போதும். நடந்ததைக் கவனிக்காமல் சேமித்து மூடிவிடுவதுதான் ஆபத்து.

புள்ளி சொல்லைப் பாதியில் வெட்டுகிறது

எல்லா அறிகுறிகளிலும் இதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன். ஒரு விலைப்பட்டியலில் பல வரிகள் இப்படி இருக்கின்றன:

அரிசி பழைய விலை 60

‘பழைய’ என்ற சொல் போக வேண்டும். கர்சர் ‘ப’ மேல் இருக்கும்போது ‘டி டபிள்யூ’ தட்டினீர்கள், சரியாகப் போனது. அடுத்த வரிக்கு ‘ஜே’ தட்டி இறங்கினால், அங்கே பொருளின் பெயர் நீளம் வேறு என்பதால் கர்சர் ‘ழை’ மேல் நிற்கிறது. புள்ளி தட்டியதும் கிடைப்பது இது:

நெய் பவிலை 140

புள்ளி சொன்னதைத்தான் செய்தது. ‘டி டபிள்யூ’ என்றால் ‘கர்சர் இருக்கும் இடத்திலிருந்து அடுத்த சொல்லின் தொடக்கம் வரை’ என்று பொருள். கர்சர் எங்கே நிற்கிறது என்பதை நம்பியிருக்கும் கட்டளை அது. அதற்குப் பதிலாக ‘டி ஏ டபிள்யூ’ தட்டியிருந்தால், சொல்லின் எந்த எழுத்தில் நின்றாலும் முழுச் சொல்லும் அதை ஒட்டிய இடைவெளியும் போயிருக்கும். ‘டி ஐ டபிள்யூ’ சொல்லை மட்டும் எடுத்து இடைவெளியை விட்டுவைக்கும். இந்த வரியில் அப்படிச் செய்தால் இரண்டு இடைவெளிகள் சேர்ந்து நிற்கும். திரும்பச் செய்யப்போகிறோம் என்று தெரிந்தால் ‘ஏ’ அல்லது ‘ஐ’ சேர்த்த வடிவத்தையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு விசை கூடுதல்தான்.

வரியின் கடைசிச் சொல்லில் ‘டி டபிள்யூ’ தட்டினால் முந்தைய சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி தொங்கிக்கொண்டு இருக்கும். ‘டி ஏ டபிள்யூ’ அதையும் சேர்த்து எடுத்துவிடும்.

இதே விலைப்பட்டியலுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ‘/’ தட்டி ‘பழைய’ என்ற சொல்லையும் அதன் பின்னால் ஓர் இடைவெளியையும் கொடுத்துத் தேடுங்கள். பிறகு ‘டி ஜி என்’. தேடல் பொருந்தும் அடுத்த இடம் அழியும். இதற்குப் பிறகு வெறும் புள்ளி தட்டினாலே போதும். அடுத்த இடத்துக்குப் போவதும் அழிப்பதும் ஒரே மாற்றமாகப் பதிவாகியிருக்கிறது. ஒரு குறிப்பிட்ட இடத்தை விட்டுவிட வேண்டுமானால் அங்கே ‘என்’ தட்டித் தாண்டிப் போகலாம். விம் 7.4 முதல் இது இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியாமல் கிடக்கிறது என்பதுதான் என் வருத்தம்.

விஷுவல் மோடில் சொல்லைத் தேர்ந்து ‘டி’ தட்டுகிறவர்களுக்கும் இதே வெட்டு விழும். அப்படி அழித்ததைப் புள்ளி திரும்பச் செய்யும்போது, எது தேர்ந்தெடுக்கப்பட்டது என்று பார்ப்பதில்லை. எத்தனை எழுத்து என்ற அளவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மூன்று எழுத்துள்ள ‘பழைய’வை அப்படி அழித்துவிட்டு ‘பழுதான’ மேல் புள்ளி தட்டினால் ‘ன’ மட்டும் மிஞ்சும்.

அழித்துவிட்டு வேறு சொல் தட்டினேன், புள்ளி தட்டலை மட்டும் செய்கிறது

‘டி ஏ டபிள்யூ’ ஒரு மாற்றம். பிறகு ‘ஐ’ தட்டி எழுதியது இன்னொரு மாற்றம். புள்ளிக்குக் கடைசி ஒன்றுதான் தெரியும். இரண்டையும் ஒன்றாக்க ‘சி ஐ டபிள்யூ’ தட்டி, புதிய சொல்லை எழுதி, எஸ்கேப் கொடுங்கள். அடுத்த சொல்லில் புள்ளி தட்டினால் அழிப்பதும் எழுதுவதும் சேர்ந்தே நடக்கும். மொத்த வரிக்கு ‘சி சி’, கர்சரிலிருந்து வரிக் கடைசி வரை ‘பெரிய சி’.

எழுதியதில் கடைசித் துண்டு மட்டும் திரும்ப வருகிறது என்றால் காரணம் அம்பு விசை. இன்சர்ட் மோடில் இருந்துகொண்டே அம்பு விசையால் கர்சரை நகர்த்தினால், அதற்கு முன் எழுதியது ஒரு மாற்றமாகவும் பின் எழுதியது இன்னொன்றாகவும் பிரிந்துவிடும். எழுத்துப்பிழையைத் திருத்த அம்பைத் தொடாமல் பேக்ஸ்பேஸ் அல்லது கன்ட்ரோல்-டபிள்யூ பயன்படுத்துங்கள். பின்னது ஒரு சொல்லைப் பின்னோக்கி அழிக்கும். இவை மாற்றத்தை உடைப்பதில்லை. அம்பு தேவைதான் என்றால், வரிக்குள் ஓர் எழுத்து இடமோ வலமோ நகரும் முன் கன்ட்ரோல்-ஜி, அடுத்து ‘பெரிய யு’ தட்டினால் உடையாமல் காக்கலாம்.

பிளகின் (விம்மோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் நிரல்) கொடுத்த கட்டளையைப் புள்ளி பாதியாகத்தான் திரும்பச் செய்கிறதா? அந்தக் கட்டளை உள்ளே பல மாற்றங்களாக நடக்கிறது. புள்ளி கடைசி ஒன்றை மட்டும் பிடிக்கிறது. டிம் போப் எழுதிய ரிப்பீட்.விம் பிளகின் இதற்காகவே வந்தது. ஆனால் மற்ற பிளகினும் அதற்கு ஆதரவு தந்திருந்தால்தான் பலன் கிடைக்கும்.

கேட்டதைவிட அதிகமாக அழிந்தது

முன்னால் ஓர் எண் சிக்கியிருக்கும். ‘3 டி டி’ மூன்று வரிகள். ‘2 டி 3 டபிள்யூ’ ஆறு சொற்கள், ஏனென்றால் இரண்டு எண்களும் பெருக்கப்படும். எண்ணைத் தட்டிவிட்டு மனம் மாறினால் எஸ்கேப் கொடுத்தால் கலைந்துவிடும். ‘:செட் ஷோசிஎம்டி’ போட்டு வைத்தால் பாதியில் நிற்கும் கட்டளை திரையின் கீழ் வலப்பக்கம் தெரியும்; அதைப் போடாமல் விம் பயன்படுத்துவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

புள்ளிக்கும் எண் ஒட்டிக்கொள்ளும். ‘டி டி’க்குப் பிறகு ‘3 .’ தட்டினால் மூன்று வரிகள் போகும். அதோடு நிற்காமல் இனி வரும் வெறும் புள்ளிகளும் மூன்று மூன்றாகவே அழிக்கும். ‘1 .’ தட்டினால் மீண்டும் ஒன்றுக்கு வந்துவிடும்.

‘டி ஜே’ தட்டினால் இரண்டு வரிகள் போவது பிழை இல்லை. மேல் கீழ் நகர்வோடு ‘டி’ சேர்ந்தால் நிற்கும் வரியும் போய்ச் சேரும் வரியும் முழுதாக அழியும்.

வரிகள் அழியாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள். கீழே இறங்க ‘ஜே’ தட்டுவதாக நினைத்து ‘பெரிய ஜே’ தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அது அடுத்த வரியை இழுத்து இந்த வரியோடு சேர்க்கும்.

நகலெடுத்து வைத்தது அழித்தபோது காணாமல் போனது

விம்மில் அழிப்பது எல்லாமே வெட்டி எடுப்பதுதான். ‘ஒய் ஒய்’ என்று ஒரு வரியை நகலெடுத்து, வேறொரு வரியை ‘டி டி’ என்று அழித்து, ‘பி’ தட்டினால் அழித்த வரிதான் வந்து விழும். நகலெடுத்தது தொலையவில்லை, 0 என்ற ரெஜிஸ்டரில் (வெட்டியதும் நகலெடுத்ததும் சேரும் இடம்) பத்திரமாக இருக்கிறது. ‘" 0 பி’ என்று கேட்டால் வரும். எங்கும் சேராமல் அழிக்க ‘" _ டி டி’. இதன் பிறகு புள்ளி தட்டினாலும் அதே போல் எங்கும் சேராமலேயே அழியும்.

சற்று முன் அழித்த வரிகள் 1 முதல் 9 வரையிலான ரெஜிஸ்டர்களில் வரிசையாக இருக்கும்; புதியது 1-இல். எதில் எது என்று நினைவில்லாதபோது ஓர் அருமையான வழி உண்டு. ‘" 1 பி’ தட்டுங்கள். வந்தது வேண்டியது இல்லையென்றால் ‘யு’, பிறகு புள்ளி. இந்த ஓர் இடத்தில் புள்ளி அதையே திரும்பச் செய்யாமல் எண்ணை ஒன்று கூட்டி, 2-இல் உள்ளதை ஒட்டும். ‘யு’, புள்ளி, ‘யு’, புள்ளி என்று தேடிக்கொண்டே போகலாம். ஒரு வரிக்குள் அழித்த சொற்கள் பெரும்பாலும் இந்த வரிசையில் சேராது. அவற்றுக்குச் சிறுகோடு (-) என்ற பெயரில் ஒரே ஒரு ரெஜிஸ்டர்தான். எல்லாவற்றையும் பார்க்க ‘:ரெஜிஸ்டர்ஸ்’.

மேக்ரோ நடுவில் நின்றுவிடுகிறது

‘க்யூ க்யூ’ தட்டிப் பதிவு தொடங்கி, ‘க்யூ’ தட்டி முடித்து, ‘100 @ க்யூ’ என்று ஓட்டினால், எந்த வரியில் ஒரு நகர்வு தோற்கிறதோ அங்கே மொத்தமும் நிற்கும். காற்புள்ளி இல்லாத வரியில் ‘எஃப் ,’ தோற்கும்; கடைசி வரியில் ‘ஜே’ தோற்கும். பின்னது நமக்கு வசதிதான், கோப்பு முடிந்ததும் தானாக நிற்கிறது. முன்னதைத் தாண்டிப் போக, மேக்ரோவில் ‘ஜே’யை விட்டுவிட்டு, ‘:%நார்மல் @க்யூ’ என்று கொடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் புதிதாக ஓடும். ஒரு வரியில் தோற்றாலும் அடுத்த வரி நடக்கும். புள்ளியையும் இப்படி ஓட்டலாம்: ‘:%நார்மல் .’

ஒன்றை மட்டும் இதில் செய்யாதீர்கள். ‘:%நார்மல் டிடி’ கொடுத்தால் வரிகள் வரிசைப்படி அழியாது. முதல் வரி போனதும் இரண்டாவது முதலாவதாகிவிடும், ஆனால் கட்டளை வரி எண் 2-க்குப் போய்விடும். வரிகளை அழிக்க ‘:ஜி/பழைய/டி’ என்பதே சரி. அது முதலில் பொருந்தும் வரிகளையெல்லாம் குறித்துக்கொண்டு பிறகு அழிக்கிறது. கடைசி ‘டி’ இல்லாமல் ‘:ஜி/பழைய/’ என்று மட்டும் கொடுத்தால் எந்த வரிகள் போகப்போகின்றன என்பதைக் காட்டும். பெரிய கோப்பில் இதைப் பார்க்காமல் அழிக்காதீர்கள்.

மேக்ரோவில் ஒரே ஒரு விசை தவறு என்றால் மறுபடி பதிய வேண்டாம். ‘:புட் க்யூ’ அதைப் புதிய வரியில் எழுத்தாகக் கொட்டும். திருத்திவிட்டு ‘0’, பிறகு ‘" க்யூ ஒய் $’. ‘ஒய் ஒய்’ என்று முழு வரியாக எடுத்தால் வரி முடிவும் சேர்ந்து வந்து, ஒவ்வொரு முறையும் கர்சரை ஒரு வரி கீழே தள்ளும்.

நார்மல் மோடில் ‘டி டி’ எடுபடவில்லை, புள்ளி மட்டும் வேலை செய்கிறது

தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் ‘டி’ விசையில் இருப்பது உ. அதனால் விம்முக்குப் போய்ச் சேர்வது ‘உ உ’. அப்படி ஒரு கட்டளை அதற்குக் கிடையாது. எண்களும் புள்ளியும் இரண்டு விசைப்பலகையிலும் ஒன்றே என்பதால் அவை மட்டும் நடக்கின்றன, நமக்குக் குழப்பம் கூடுகிறது. எஸ்கேப் தட்டும்போதே ஆங்கிலத்துக்கு மாறிவிடும் பழக்கம் நல்லது. லேங்மேப் அமைப்பில் உ-வை டி-யோடு இணைத்து எழுதவும் வழி உண்டு. ஆனால் சில தமிழ் உள்ளீட்டு மென்பொருள்கள் எழுத்தை அடுத்த விசை வரை பிடித்துவைப்பதால் அதை நான் முழுதாக நம்புவதில்லை.

தமிழ் எழுத்தின் மேல் ‘எக்ஸ்’ தட்டினால் ‘கி’ முழுதாகப் போய்விடுகிறது, கொக்கியை மட்டும் எடுக்க முடியவில்லை என்றால் ‘:செட் டெல்கம்பைன்’. இனி முதலில் குறி போகும், அடுத்த ‘எக்ஸ்’க்கு எழுத்து போகும். திருத்தி முடித்ததும் ‘:செட் நோடெல்கம்பைன்’ கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வழக்கமான அழிப்புகளில் குறி இழந்த எழுத்துகள் ஆங்காங்கே நின்றுவிடும்.

இன்சர்ட் மோடில் பேக்ஸ்பேஸ் அழிக்க மறுக்கிறது

‘:செட் பேக்ஸ்பேஸ்=2’. விம் 8 முதல், சொந்த அமைப்புக் கோப்பு இல்லாதவர்களுக்கு இது தானாகவே போடப்பட்டிருக்கும். பழைய சர்வர்களில் நாமே போட வேண்டும்.

கோப்பை மூடித் திறந்ததும் ‘யு’ எதையும் திருப்பவில்லை

வழக்கமான அமைப்பில் மாற்ற வரலாறு கோப்பை மூடியதோடு போய்விடும். 2010-இல் வந்த விம் 7.3 முதல் அதைச் சேமித்து வைக்கலாம்: அமைப்புக் கோப்பில் ‘செட் அன்டோஃபைல்’ என்று ஒரு வரி. அன்டோடிர் என்ற அமைப்பில் தனி ஃபோல்டர் ஒன்றைக் குறித்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு கோப்புக்குப் பக்கத்திலும் ஒரு மறைகோப்பு சேரும். அந்த ஃபோல்டரை முன்கூட்டியே நீங்களே உருவாக்கி வைக்க வேண்டும். விம் உருவாக்கித் தராது. இன்னொரு நிபந்தனையும் உண்டு: இடையில் வேறு எடிட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து மாற்றிச் சேமித்திருந்தால், பழைய வரலாறு பொருந்தாது என்று விம் அதை ஒதுக்கிவிடும்.